தறிவீட்டு வாழ்த்து

வீடே, உன்னை வாழ்த்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் தலைத்திவசம் இன்றோடு முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கூடத்தில் வாழையிலை வாசனை இன்னும் இருக்கிறது. உன்னில் எனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒரு விடுதலைப் பத்திரம் மேசைமேல் இருக்கிறது. நாளைக் காலை 10 மணிக்குத் தம்பி வருவான். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போக ஆட்டோவும் சொல்லிவிட்டான்.

"அக்கா, நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். நம்ம தெருவுல எல்லா வீட்லயும் நடக்கறதுதான்" என்றான். அவன் சொன்னது உண்மை. அத்தைகள் இருவரும் அப்பாவுக்குப் போட்டுக்கொடுத்தார்கள். அம்மா தன் அண்ணன் தம்பிகளுக்குப் போட்டுக்கொடுத்தாள். இப்போது என் முறை.

விட்டுப் போகும் இடத்தை வாழ்த்திவிட்டுப் போவதுதான் மரபு. சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபது ஆண்டுகளாக வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வாழ்த்துப் பாடுகிறவர்கள் நடக்காததைச் சேர்த்துப் பாடியதையெல்லாம் படித்திருக்கிறேன். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. நீ செய்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உன் திண்ணை. குறிஞ்சிப்பாடி நெசவாளர் தெருவில் இத்தனை நீளத் திண்ணை வேறு வீட்டுக்கு இல்லை. எட்டுப் பேர் கால் நீட்டிப் படுக்கலாம். கடலூரிலிருந்து வந்த நூல் வியாபாரி படுத்திருக்கிறார். தைப்பூசத்துக்கு வடலூர் நடந்து போனவர்கள் இளைப்பாறியிருக்கிறார்கள். தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் கூலி உயர்வு, தேர்தல், மழை எல்லாவற்றையும் அங்கே வைத்துத்தான் பேசி முடிவு செய்தார்கள். முன்பின் தெரியாதவனுக்குக் கூட இடம் கொடுத்த பெருந்தன்மை உன்னுடையது. அந்தத் திண்ணையை விடியுமுன் சாணம் கரைத்து மெழுகியவள் ஆயா, அப்பாவின் அம்மா. அறுபது ஆண்டு மெழுகினாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது, மின்சாரம் போய் தெரு ஆண்கள் எல்லாம் உறங்கிவிட்ட இரவுகளில் மட்டும்.

உனக்கு முன்னோர் உண்டு, வீடே. இங்கிருந்து வடக்கே கடற்கரையோடு போனால் புதுச்சேரியை அடுத்து அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்திய தரைக்கடல் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. செங்கல் தொட்டிகளும் இருந்தன. அவை துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகளாக இருக்கலாம் என்று அவர் கருதினார். யவனர்கள் எனப்பட்ட கிரேக்கரும் ரோமரும் நம் கரைக்கு வந்ததும், உறையூர் மெல்லிய துணி அவர்கள் நாட்டுக்குப் போனதும் செங்கடல் செலவு பற்றிய அவர்களது பழைய கையேட்டிலேயே இருக்கிறது. துணி போன வழியில் வீட்டின் அமைப்பும் போனதா வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஏதென்ஸ் நகரத்து வீட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் உன் முகச்சாயல் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

அங்கே தெருவாசலை ஒட்டி ஓர் அறை. 'ஆண்ட்ரோன்', அதாவது ஆண்கள் அறை என்று பெயர். வீட்டிலேயே அழகான அறை அதுதான். தரையில் கூழாங்கல் சித்திரம், சுவரோரம் சாய்ந்து படுக்கக் கட்டில்கள். கட்டில்கள் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக வாசற்படியையே நடுவில் வைக்காமல் ஓரமாகத் தள்ளிக் கட்டினார்கள். விருந்தினர் வருவார்கள், மது அருந்துவார்கள், தத்துவம் பேசுவார்கள். குழல் ஊதக் கூலிக்கு வந்த பெண்கள் அந்த அறைக்குள் போகலாம். வீட்டுக்காரி போகக்கூடாது. கி.மு. 348இல் மாசிடோனிய அரசன் பிலிப் அழித்த ஒலிந்தஸ் நகரைத் தோண்டியவர்கள் தறியில் பாவைத் தொங்கவிடும் களிமண் கட்டிகளைக் குவியல் குவியலாக எடுத்தார்கள். முற்றம், தாழ்வாரம், உள்ளறை என்று பல இடங்களில் அவை கிடைத்தன. வேலை செய்ய அவளுக்கு வீடு முழுவதும் இடம் இருந்தது. உட்கார்ந்து பேசத்தான் இல்லை. உன்னைப் போலவே.

அடுத்து உன் சிக்கனத்தை வாழ்த்துகிறேன். ஒரு கைலி உன் கூடத்தில் எப்படிப் பிறந்தது என்பதைச் சொன்னால்தான் அது விளங்கும்.

நூல் கழியாக வரும். அதைப் பிரித்து, சிக்கெடுத்து, ராட்டையில் சுற்றுவது அத்தைகள். கஞ்சி காய்ச்சுவது ஆயா. பதம் தப்பினால் இழை முறியும், கூடினால் விறைக்கும். அந்தப் பதம் அவள் விரலில் இருந்தது. விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவு போடும்போது ஒரு முனையில் ஆண்கள், மறு முனையில் பெண்கள். வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். பழைய பாவின் முனையோடு புதுப் பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைப்பது அம்மா. ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தார் சுற்றுவது நான். ஏழு வயதில் தொடங்கினேன். நாடாவுக்குள் தார் தீர்ந்துவிட்டால் தறி நின்றுவிடும், தறி நின்றால் தாத்தாவின் குரல் வரும். ஆகவே வீட்டுப்பாடத்துக்கு முன்னால் தார்.

தாத்தா குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பார். அவர் உழைக்காத மனிதர் இல்லை. முழங்கால் தேய்ந்து கடைசியில் நடக்க முடியாமல் போனவர். அவர் படுத்துக்கொண்டபோது ஆயாவே குழிக்குள் இறங்கினாள். இரண்டு ஆண்டு நெய்தாள். தெருவில் யாரும் அதைப் பேசவில்லை. துணியை நெசவாளர் சங்கத்தில் கொடுத்துவிட்டு அப்பா கூலி வாங்கி வந்தார். உறுப்பினர் அட்டையில் தாத்தாவின் பெயர்தான், கூலிப் புத்தகத்திலும் அவர் பெயர்தான்.

ஆறு பேர் கையுழைப்பை ஒரு கையெழுத்தில் அடக்கிய சிக்கனம் உன்னுடையது. எந்தக் கணக்குப்பிள்ளையும் இவ்வளவு சுருக்கமாகக் கணக்கு எழுதியதில்லை. 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, இந்த நாட்டில் கைத்தறியை நம்பி வேலை செய்கிறவர்கள் 35 லட்சத்துக்கும் மேல் என்றும், அவர்களில் 100க்கு 70 பேருக்கும் மேல் பெண்கள் என்றும் சொன்னது. அதைப் படித்த அன்று என் வகுப்பில், நெசவாளி என்றதும் மனதில் வருகிற உருவத்தை வரையச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளும் மீசை வைத்து வரைந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள்.

ஏதென்சிலும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் கம்பளியைச் சிக்கெடுத்து, நூற்று, நெய்து, குடும்பம் முழுவதற்கும் உடுத்தக் கொடுத்தது பெண்கள். வசதியுள்ள வீடுகளில் அவர்களோடு அடிமைப் பெண்களும். ஊர்த் தெய்வம் அத்தீனாவுக்குத் திருவிழாவில் சார்த்தும் ஆடையையும் பெண்கள்தான் நெய்தார்கள். அந்த ஆடையை ஏந்திப் போன ஊர்வலத்தைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். நெய்தவர்கள் யாரென்று தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பெயர்கள்தான் மிஞ்சும்.

பெயர் என்றதும் உன் அடக்கம் நினைவுக்கு வருகிறது. ஆயாவை அவள் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. தாத்தாவுக்கு அவள் "இந்தா". மாமியாருக்குப் "பெரியவன் பொண்டாட்டி". பிள்ளை பிறந்த பிறகு ஊருக்குப் பிள்ளையின் அம்மா. அவள் பெயரை நான் முதன்முதலில் படித்தது ரேஷன் கார்டில். கி.மு. 431ஆம் ஆண்டுப் போரில் இறந்தவர்களுக்காகப் பெரிக்கிளிஸ் ஆற்றிய இரங்கல் உரையை வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் பதிவு செய்திருக்கிறார். நகரத்தின் பெருமைகளையெல்லாம் சொல்லி முடித்த பெரிக்கிளிஸ், கடைசியில் விதவைகள் பக்கம் திரும்பிச் சில சொற்கள் மட்டும் சொன்னார். புகழ்ச்சியாகட்டும் இகழ்ச்சியாகட்டும், ஆண்களின் பேச்சில் அடிபடாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெரும்புகழ் என்பது அதன் சாரம். நீதிமன்றத்தில் பேசியவர்களும் கௌரவமான குடும்பத்துப் பெண் உயிரோடு இருந்தால் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே குறிப்பிட்டார்கள். நீ பெரிக்கிளிஸைப் படித்தவள் இல்லை. ஆனால் அவர் கேட்டதை அப்படியே நிறைவேற்றினாய்.

ஓரிடத்தில் மட்டும் நீ ஏதென்சை மிஞ்சினாய். அங்கே ஒரு பெண் தன் பொறுப்பில் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் ஒரு 'மெடிம்னோஸ்' வாற்கோதுமையின் மதிப்பைத் தாண்டக்கூடாது. சுமார் 52 லிட்டர் கொள்ளும் அளவு அது. அதற்குமேல் என்றால் 'குரியோஸ்' எனப்படும் ஆண் பொறுப்பாளர் வேண்டும். முதலில் அப்பா, பிறகு கணவர், அவர் இல்லையென்றால் மகன். நம் தெருவில் அப்படியில்லை. மகளிர் குழுக் கடன் அம்மா பெயரில், நகைக்கடன் அம்மா பெயரில், வாரத்தவணை அம்மா பெயரில். கடன் கொடுப்பவர்கள் நம் பெண்களின் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறார்கள். பொழுது விடிந்ததும் வாசலில் நின்று சத்தமாகச் சொல்லவும் சொல்கிறார்கள். கூலிப் புத்தகத்தில் இல்லாத பெயர் கடன் புத்தகத்தில் முதல் வரியில் இருக்கிறது. அந்த நம்பிக்கையை நீ அவளுக்குக் கொடுத்தாய், வீடே.

நீ நல்ல பள்ளிக்கூடமும்கூட. செனபோன் என்ற ஏதென்ஸ்காரர், சாக்ரட்டீசின் மாணவர், குடும்ப நிர்வாகம் பற்றி ஒரு நூல் எழுதினார். வீட்டைக் குறிக்கும் 'ஓய்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்துதான் உலகமெல்லாம் பொருளாதாரத்துக்கு வழங்கும் பெயர் வந்தது. அந்த நூலில் ஈஸ்கொமாகஸ் என்ற கனவான் தன் மனைவியைப் பழக்கிய கதையைச் சொல்கிறார். வந்தபோது அவளுக்கு 15 வயது நிரம்பவில்லை. கூடியவரை குறைவாகப் பார்க்கவும், குறைவாகக் கேட்கவும், குறைவாகக் கேள்வி கேட்கவும் வளர்க்கப்பட்டவள். அவளை அவர் ராணித் தேனீயோடு ஒப்பிடுகிறார். கூட்டைவிட்டு வெளியே போகாமல் உள்ளே எல்லாவற்றையும் நடத்துகிறவள். பானைகளை வரிசையாக அடுக்கி வைப்பதிலும் ஓர் அழகு உண்டு என்று கற்பிக்கிறார். மாவு பிசைவதும் துணியை உதறி மடிப்பதும் உடம்புக்கு நல்ல பயிற்சி என்கிறார். அவள் தன்னைவிடச் சிறந்தவளாகிவிட்டால் தானே அவளுக்குப் பணியாளன் ஆவதாகவும் சொல்கிறார். இவ்வளவையும் கேட்ட சாக்ரட்டீஸ் அவளுக்கு ஆணின் அறிவு இருக்கிறது என்று வியக்கிறார். நூல் முழுவதும் தேடிவிட்டேன். அவள் பெயர் இல்லை.

அந்த வியப்பை நானும் உன்னிடம் வாங்கியிருக்கிறேன். அப்பா படுத்தபிறகு சிதம்பரத்திலிருந்து வாரா வாரம் வந்தேன். மருந்து, ஆஸ்பத்திரி, தறியை விற்றது, ஓடு மாற்றியது, தம்பியின் கல்யாணக் கடனில் பாதியை அடைத்தது எல்லாம் நடந்தது. "ஆம்பளப் புள்ள மாதிரி நின்னா" என்று தெருவே சொன்னது. அம்மா பூரித்துப்போனாள். நானும் அன்று பூரித்தேன். ஒரு பெண்ணை எந்த உயரத்துக்கு ஏற்றினாலும் அந்த உயரத்துக்கு ஆணின் பெயரையே வைக்க வேண்டும் என்பதை நீ அவ்வளவு அன்பாகச் சொல்லிக்கொடுத்தாய். பிள்ளை மாதிரி நின்றவள், பங்கு பிரிக்கிற அன்று திரும்பப் பெண்ணாகிவிடுகிறாள்.

உன் அடுப்பை வாழ்த்தாமல் விட்டால் இந்த வாழ்த்து நிறையாது. இங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் வடலூர். 1867 மே 23ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் சாதி கேட்காமல் சோறு போடுகிறது. சின்ன வயதில் அந்த அடுப்பைக் கும்பிட அம்மா என்னை அழைத்துப் போவாள். கும்பிட்டுவிட்டு அவசர அவசரமாகத் திரும்புவாள். இங்கே உலை வைக்க வேண்டும். உன் அடுப்பும் அணைந்ததில்லை, வீடே. அதற்கு மட்டும் யாரும் கும்பிடு போடவில்லை.

கிரேக்கர்களுக்கு அடுப்பே தெய்வம். ஹெஸ்டியா என்று பெயர். தெய்வங்களெல்லாம் தேரேறி வானத்தில் பவனி போகும்போது அவள் ஒருத்தி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுவதாகப் பிளேட்டோ எழுதுகிறார். புது மருமகள் வந்ததும் அவளை அந்த அடுப்பருகே அழைத்துப்போய், கொட்டைகளும் உலர்ந்த அத்திப்பழமும் தலையில் தூவி வரவேற்பார்கள். பார்க்க அழகான சடங்கு. சந்தையில் புதிதாக வாங்கி வந்த அடிமைக்கும் அந்த வீட்டில் அதே சடங்குதான் செய்தார்கள். இதைப் படித்த இரவு, ஆரத்தி எடுத்து, வலது காலை எடுத்துவைத்து, குத்துவிளக்கு ஏற்றிய என் கல்யாண நாளை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அந்த வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டினார்கள்.

இந்த அடுப்படியில் அம்மாவின் நாள் எவ்வளவு நீளம் என்று யாரும் அளக்கவில்லை. ஆனால் 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நாடு முழுவதற்குமாக அளந்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஈடுபட்ட ஆண் 97 நிமிடம். ஆண்களில் 100க்கு 26 பேர்தான் அந்த வேலையில் ஈடுபட்டார்கள். கூலி இல்லாத ஐந்து மணி நேரம், அம்மா இந்த வீட்டில் இருந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்கு. பெருக்கிப் பார்த்தேன். 90 ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. ராட்டையும் பாவும் அதில் சேரவில்லை.

இவ்வளவுக்கும் நீ அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "மகாலட்சுமி" என்ற பட்டம் கொடுத்தாய். அவள் கால் வைத்த நேரம் வீடு விளங்கியது என்று சொன்னாய். வெள்ளிக்கிழமை தலைவாசலில் மஞ்சளும் குங்குமமும் அவள் கையால்தான். புகழைக் கூலியாகக் கொடுக்கும் வித்தை உனக்குக் கைவந்தது. புகழுக்கு வரி இல்லை, பத்திரம் இல்லை, பாகப்பிரிவினையும் இல்லை.

கடைசியாக உன் நீதி. ஏதென்சில் அண்ணன் தம்பி இல்லாத வீட்டில் அப்பா இறந்தால் மகளுக்குச் சொத்து வராது. சொத்தோடு சேர்ந்து அவளும் போவாள், அப்பாவின் நெருங்கிய ஆண் உறவுக்கு மனைவியாக. அவளுக்கு ஏற்கெனவே கணவன் இருந்தாலும் அந்தத் திருமணத்தைக் கலைக்க இடமிருந்தது. ஸ்பார்ட்டாவில் மட்டும் நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்தது. அரிஸ்டாட்டில் அதை அந்த நாட்டின் பெருங்குறைகளில் ஒன்றாக எழுதிவைத்தார்.

நம் நாட்டில் சட்டம் மெதுவாகத்தான் நடந்தது, ஆனால் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பாவின் தனிச்சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது. கூடவே 23ஆம் பிரிவில், குடும்பம் குடியிருக்கும் வீட்டை மட்டும் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பிரித்துக் கேட்க முடியாது என்றும் எழுதியது. உன்னை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கிறது, வீடே. 1989இல் தமிழ்நாடு தன் திருத்தத்தால், அதுவரை மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை கொடுத்தது. 2005இல் நாடு முழுவதும் மகளுக்கு அந்த உரிமை வந்தது. 23ஆம் பிரிவும் போனது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி வைத்தது. சவுதி அரேபியாவில் வேலை பார்த்த கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சொத்து உருவானது, அதில் அவளுக்குச் சமபங்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தனை சட்டம் வந்தும் நீ அசையவில்லை. சட்டம் கொடுப்பதைக் கையெழுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியைக் கண்டுபிடித்தாய். அதற்கு அன்பு என்று பெயர் வைத்தாய். கையெழுத்துப் போட்டவளுக்குத் தீபாவளிக்குப் புடவை வரும், பிள்ளைகளுக்குத் தாய்மாமன் சீர் வரும், ஒரு நாள் வந்து தங்கினால் மீன் குழம்பு வைப்பார்கள். போடாதவள் வீட்டு வாசலில் எந்தத் தம்பியும் தாம்பூலத் தட்டோடு நிற்கமாட்டான். அத்தைகள் சொத்தை விடவில்லை. பிறந்த வீட்டுக்கு வரும் வழியை விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த விலை அவர்களுடைய பங்கு முழுவதும்.

பத்திரத்தை இப்போது மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். என் பெயர் முதலெழுத்தோடு, அப்பா பெயரோடு, வயதோடு, ஆதார் எண்ணோடு ஐந்து இடங்களில் வருகிறது. பிறந்து ஐம்பது ஆண்டில் இந்த வீட்டைப் பற்றிய ஒரு காகிதத்தில் என் பெயர் எழுதப்படுவது இதுதான் முதல் முறை. இந்த வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வதற்காக எழுதப்பட்டிருக்கிறது.

வாழ்த்து முடியுமுன் உனக்கு ஒரு கல்வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரீட் தீவில் கோர்ட்டின் என்றொரு பழைய ஊர். கி.மு. 450 வாக்கில் அந்த ஊரார் தங்கள் சட்டத்தைக் கற்சுவரில் வெட்டிவைத்தார்கள். பன்னிரண்டு பத்திகள், 600க்கும் மேற்பட்ட வரிகள். அது நீதியின் பொற்காலம் இல்லை. அடிமைக்கு ஒரு விலை, சுதந்திரருக்கு ஒரு விலை என்று அதில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் வீடு மகன்களுக்கே என்றும் இருக்கிறது. மற்ற சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. ஆனால் ஒரு வரியில் கணவனும் மனைவியும் பிரிந்தால் அவள் எதையெல்லாம் எடுத்துப் போகலாம் என்று சொல்கிறார்கள். அவள் கொண்டுவந்த சொத்து, அதன் விளைச்சலில் பாதி. அதோடு, வீட்டுக்குள் அவள் நெய்ததில் பாதி.

வீட்டுக்குள் அவள் நெய்தது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, இந்தத் துணி இவள் கையால் ஆனது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். எண்ணியதைக் கல்லில் வெட்டியிருக்கிறார். நெசவுக்கென்றே இருக்கும் இந்தத் தெருவில், ஆயா பதம் பார்த்த கஞ்சியை, அத்தைகள் சிக்கெடுத்த நூலை, அம்மா திருகிய இழைகளை, இந்த விரல்கள் சுற்றிய தாரை எண்ணிப் பார்க்க ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கோர்ட்டின் ஊராருக்கு இருந்த அந்த ஒரு கண் உனக்கு இருந்திருந்தால், உன்னை வாழ்த்துவதற்கு இவ்வளவு தேடியிருக்க மாட்டேன்.

ஆகவே தம்பியிடம் நாளை சொல்ல வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். நீ கெட்டவன் இல்லடா. தார் சுற்றியபோது உன்னைத் தொட்டிலில் போட்டு, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே சுற்றியவள் நான். உன்னை வெளியே அனுப்பிவிட்டு இந்த வீட்டை எடுத்துக்கொள்ள வரவில்லை. நீயே இங்கே இரு. ஆனால் என் பங்கு என் பங்காக எழுதப்படட்டும். அம்மாவின் பங்கு முதலில் எழுதப்படட்டும்; உயிரோடு இருக்கிற அவளை இந்தப் பத்திரத்தில் யாருமே கேட்கவில்லை. அதன்பிறகு எதையாவது கொடுப்பதானால் நான் கொடுக்கிறேன். கையில் வைத்திருப்பவள்தானே கொடுக்க முடியும்? இல்லாததைக் கொடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டு அதற்கு அன்பு என்று பெயர் வைக்க வேண்டாம். உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஏழு வயது.

வீடே, உன் வாழ்த்து முடிந்தது. பத்திரத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன், கையெழுத்து இல்லாமல். நாளைக் காலை தம்பி வரும்போது நான் அடுப்படியில் இருக்கமாட்டேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், தெருவைப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில். அவனுக்கும் பக்கத்தில் இடம் இருக்கிறது. எட்டுப் பேர் படுக்கும் திண்ணை அது.